சால்வையோடு ஒரு நோட்டும் கொண்டு போங்கள்



ஸ்ரீவைகுண்டத்தில் நின்று கபடி பற்றிப் பேசினால், மணத்தி கணேசனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். 1995-இல் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-இல் மாரி செல்வராஜ் 'பைசன்' எடுத்த பிறகுதான் நம் வயதுக்காரர்கள் பலருக்கு அவரைத் தெரியும்.

அவருக்காவது விருதுப் பட்டியலில் பெயர் இருக்கிறது. சாதியால் வாய்ப்பு மறுக்கப்பட்டு, ஊர் மைதானத்தோடு ஆட்டம் முடிந்துபோனவர்களுக்கு?

அமெரிக்காவில் 1947-இல் ஜாக்கி ராபின்சன் நுழையும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பெரிய பேஸ்பால் லீக்குகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் தனி லீக் நடத்தினார்கள். அந்த ஆட்டங்களின் கணக்கு 2024-இல்தான் அதிகாரபூர்வப் பதிவேட்டில் ஏறியது. ஜோஷ் கிப்சன் பேட்டிங் சராசரியில் முதலிடத்துக்கு வந்தார். அவர் இறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பினப் பத்திரிகைகள் அன்றே ஸ்கோரை அச்சிட்டிருந்தன. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள். அதனால்தான் இது முடிந்தது.

நம் தெருக்களின் கபடிக்கு அப்படி ஒரு பத்திரிகை இருக்கவில்லை. இருப்பது பெரியவர்களின் ஞாபகம் மட்டும்.

ஆகவே சால்வை போட்டுப் படமெடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். யார் யாரோடு ஆடினீர்கள் ஐயா, எந்த ஊரில் களமிறங்க விடவில்லை, ஏன் ஆட்டத்தை விட்டீர்கள் என்று கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.

ஜெய்பீம்.