பாடத்திட்டத்தில் இல்லாத பாட்டு
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'கவிதையும் என் பணியும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக்குழுவினர் பணித்துள்ளனர். தமிழ் கற்பிப்பவளுக்கு இவை இரண்டும் ஒன்றுதானே என்று பலர் எண்ணுவர். கவிதை நூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதற்கே மாத ஊதியம் பெறுகிற நற்பேறு பிற துறையினர்க்கு வாய்ப்பதில்லை என்று என் தோழியர் சிலர் சொல்வதும் உண்டு. அந்தப் பேற்றினுள் ஒரு கேடும் ஒளிந்திருக்கிறது. ஒரே பாட்டைப் பதினெட்டு ஆண்டுகள் ஒரே சொற்களால் விளக்கி வருகிறவளுக்குப் பாட்டு மறைந்து விளக்கம் மட்டுமே எஞ்சிவிடலாம். அதற்கு இடங்கொடாதிருக்க நான் கைக்கொண்ட பழக்கம் ஒன்றைப் பற்றியும், அது வகுப்பறையில் எழுப்பிய சிக்கல் ஒன்றைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

நான் வாழ்வது மயிலாடுதுறையில், பணி கும்பகோணத்தில். காலைப் பேருந்தில் குத்தாலம் தாண்டும்வரை உட்கார இடம் கிடைப்பது அரிது. தடித்த உரைநூலை விரித்துப் படிக்க வழியில்லை. எனவே, முதல்நாள் இரவே குறுந்தொகையில் ஒரு பாட்டை அஞ்சலட்டை அளவுள்ள சீட்டில் என் கையாலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன். மறுநாள் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மறுகையில் அச்சீட்டை வைத்துப் படிக்கிறேன். ஆடுதுறை வரும்வரை உரையை நினைப்பதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. பொருள் விளங்காத சொல் விளங்காமலே கிடக்கட்டும். திருவிடைமருதூரில் கூட்டம் இறங்கும்போது பெரும்பாலும் பாட்டு மனத்தில் அமர்ந்துவிடும்.

கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் 401 பாட்டுகள். விடுமுறை நாட்களையும் சேர்த்து நாளுக்கு ஒன்றாகப் படித்தால் ஓர் ஆண்டும் முப்பத்தாறு நாட்களும் ஆகும். இப்போது மூன்றாம் சுற்று நடக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் உள்ளவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. மற்றவற்றைப் படிப்பதால் என் பணிக்கு நேரடிப் பயன் ஒன்றுமில்லை. அதனால்தான் அவற்றை விரும்பிப் படிக்கிறேன் போலும்! முனைவர்ப் பட்டத்திற்காக இதே நூலை முன்பு ஆராய்ந்ததுண்டு. உவமைகளை அட்டைகளில் எழுதி, வகைப்படுத்தி, அட்டவணை இட்டேன். அவ்வுழைப்பின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அட்டவணையில் ஏறிய உவமை ஒன்றேனும் அந்நாளில் என் உறக்கத்தைக் கெடுத்ததில்லை. பேருந்துச் சீட்டில் ஏறியவை கெடுக்கின்றன.

குறுந்தொகையில் என்னைப் பெரிதும் ஈர்ப்பவர்கள் பெயர் இழந்த புலவர்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், கல்பொருசிறுநுரையார், மீனெறிதூண்டிலார் என்று அவரவர் பாட்டில் பயின்ற தொடரே அவர்க்குப் பெயராயிற்று. ஊர் தெரியாது, தந்தை பெயர் தெரியாது, காலம் தெளிவாகத் தெரியாது. இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்: நம் பெயர் மறைந்து நாம் எழுதிய ஒரு தொடர் மட்டும் நின்று, அதுவே நமக்குப் பெயராவதானால், எத்தொடர் அவ்வாறு நிற்கும்? தேர்வில் இப்புலவர்களைப் பற்றி 'ஆசிரியர் குறிப்பு வரைக' என்று வினாக் கேட்பவரும் உளர். என்னதான் வரைவது?

அவர்களுள் ஒருவர் ஓரேருழவனார். புறநானூற்றிலும் அவர் பாட்டு ஒன்று உண்டு. குறுந்தொகைப் பாட்டில், வினைமுடித்துத் திரும்பும் தலைவன் தன் நெஞ்சின் நிலையைச் சொல்கிறான். காதலியின் ஊரோ தொலைவில் இருக்கிறது. மழைபெய்து நிலம் ஈரம்பட்டிருக்கும் நல்ல பதத்தில், ஒரே ஓர் ஏரை மட்டும் உடைய உழவன் படும் பாட்டைத் தன் நெஞ்சு படுகிறது என்கிறான். அதனைக் குறிக்கும் சொல் 'விதுப்பு'. எங்கள் மாணவியர் வாங்கும் துணைநூல்களில் இவ்வுவமைக்குத் தரப்படும் விடை ஒரே சொல்: விரைவு.

இரண்டாண்டுகளுக்கு முன் இப்பாட்டை இளங்கலை வகுப்பில் நடத்தினேன். கொள்ளிடத்திற்கு அக்கரையில், ஜெயங்கொண்டம் பக்கத்து மானாவாரி ஊர் ஒன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். அவள் சொன்னதை அவள் மொழியிலேயே சொல்கிறேன். "அம்மா, எங்க வீட்டுல ஏரே இல்லீங்க. தாத்தாவோட போயிருச்சு. மழை பேஞ்சா ஊரு முழுக்க ஒரே டிராக்டருக்குத்தான் போன் பண்ணுவாங்க. எங்க முறை வர்றதுக்குள்ள பதம் போயிரும். அப்பா வரப்புலயே நிப்பாரு. அதுதானுங்களே இது?"

அதுதான். உழவன் நினைத்தாலும் விரைய முடியாது. ஓரேர் எருதுகளின் நடையில்தான் செல்லும். ஈரமோ அவனுக்காகக் காத்திராது. தலைவனின் தேரும் அப்படியே. நெஞ்சு போகும் கடுமையில் தேர் போகாது. விரைய இயலாதவன் படும் விரைவு அது. 'விரைவு' என்று மட்டும் எழுதிவிட்டால் வரப்பில் நிற்கும் அந்தத் தகப்பனாருக்குப் பாட்டில் இடமில்லாமல் போய்விடுகிறது. உரைகள் பலவற்றைப் புரட்டியவள் நான். டிராக்டருக்குக் காத்திருப்பவரைக் கொண்டு இப்பாட்டை விளக்கலாம் என்பதை அந்தப் பெண்ணிடம்தான் கற்றேன்.

சிக்கல் பிறகு வந்தது. பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கிய வாரத்தில் அவள் ஆசிரியர் அறைக்கு வந்து, "அம்மா, எதை எழுதட்டும்?" என்று கேட்டாள். அவள் விடைத்தாள் என் கைக்கு வாராது. எங்கோ ஒரு திருத்தும் முகாமில், கட்டுக்கட்டாகத் தாள்களை எதிரில் வைத்துக்கொண்டு, விடைக்குறிப்பும் கையுமாக அமர்ந்திருக்கும் ஒருவர்க்கு அது போகும். அவரும் நம்மைப் போன்ற ஆசிரியரே. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. முகாமில் நானும் அமர்ந்திருக்கிறேன். மாலை நாலு மணிக்கு மேல் கண் தேடுவது சிவப்பு மையால் அடிக்கோடிடத்தக்க ஒரு சொல்லைத்தான். அவளுக்கோ ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைப்பதோடு தொடர்புடையது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப்படி மிதித்தவள். "முதல் வரியில் துணைநூல் விடையை எழுது, அடுத்த பத்தியில் உன்னுடையதை எழுது" என்றேன். நடைமுறைக்கு உகந்த விடை அது. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். எனினும், அந்த வரிசைமுறையை மனம் ஏற்கவில்லை.

ஆகவே என் ஆற்றலுக்குட்பட்ட இடத்தில் ஒரு மாற்றம் செய்யலாமென முனைந்தேன். அகமதிப்பீட்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு, வகுப்பில் நடத்தாத பாட்டு ஒன்றை அருஞ்சொற்பொருளோடு கொடுத்து, மாணவியர் தாமே படித்து எழுதும் வினா வைக்கலாம் என்று துறைக்கூட்டத்தில் சொன்னேன். "எல்லாரும் ஒவ்வொன்று எழுதினால் எப்படித் திருத்துவது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாட்டின் எச்சொல்லைப் பற்றிக்கொண்டு அம்முடிவுக்கு வந்தாள் என்பதைக் காட்டினால் மதிப்பெண், காட்டாவிடில் இல்லை என்று ஒருவாறு உடன்பட்டோம். இரண்டு பருவங்களாக நடக்கிறது. முதல் தடவை பாதிப்பேர் வெறுந்தாள் கொடுத்தார்கள். 'இது நடத்தாத பாடம்' என்று எழுதிவைத்த துணிச்சல்காரியும் உண்டு! இரண்டாம் தடவை வெறுந்தாள் குறைந்தது.

ஆசிரியர் படிக்கும் பாட்டிற்கும் பாடத்திட்டத்திற்கும் உள்ள தொலைவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வருவார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவருக்கு 25 வயது. அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த வரலாறு இவ்வவை அறிந்ததே. அதில் நான் நின்று நோக்கும் இடம் ஒன்றுண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் கொண்டே அவர் ஓய்வுபெறும் நாள்வரை நற்பெயரோடு காலந்தள்ளியிருக்கலாம். வேலை கிடைத்துவிட்ட பிறகு, தெரியாத நூல் ஒன்றின்முன் மாணவராக மறுபடி அமர்ந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. குறுந்தொகை 1937இல் வந்தது. அப்போது அவர்க்கு அகவை 82. பழைய உரை கிடைக்காமையால் தாமே உரை வகுத்தார். அப்பதிப்பின் படி ஒன்று சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் கிடந்தது. 1962இல், பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிப் போன ஏ.கே. இராமானுஜன் கண்ணில் அது பட்டது. 1967இல் அவர்தம் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அவரும் ஆசிரியர், அவர் தேடிப் போனதும் வேறு நூல்!

இனிக் கவிஞர்களிடம் ஒரு சொல். பிள்ளையவர்கள் வாழ்ந்து பாடம் சொன்ன மாயூரத்தை அடுத்த திருஇந்தளூரில்தான் 1938இல் கவிஞர் ஞானக்கூத்தன் பிறந்தார். நான் பேருந்து ஏறும் ஊர் இருவர்க்கும் உரியது. ஆனால் பிள்ளையவர்களைப் படித்தவர் ஞானக்கூத்தனைத் தொடுவதில்லை. ஞானக்கூத்தனைப் படித்தவர்க்குப் பிள்ளையவர்கள் தேவையில்லை. ஆசிரியர் அறையில் புதுக்கவிதைத் தொகுப்பை விரித்தால், "இதையுமா படிக்கிறீர்கள்?" என்கிறார்கள். நம் வட்டத்தில் சங்கப் பாட்டைச் சொன்னால் இளங்கவிஞர் சிலர் வகுப்பறைக்குத் திரும்பியதுபோல் முகம் சுளிக்கிறார்கள். இரு சாராரையும் எனக்குப் பிடிக்கும். அந்த உரிமையில் சொல்கிறேன்.

பத்தாண்டுகளாக நம் மாதக்கூட்டங்கள் தவறாமல் நடந்துவருவது பெருமைக்குரியது. ஒரு குறையையும் நாம் அறிவோம். தம் கவிதையைப் படித்து முடித்தவர் அடுத்தவர் தொடங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்பதாவதாகப் படிப்பவர்க்குச் செயலாளரும் நாற்காலிகளுமே அவை. எனவே என் வேண்டுகோள் சிறியது. இனி ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும், இங்குள்ளோர் எவரும் எழுதாத பாட்டு ஒன்றை, பழையதோ புதியதோ, ஒருவர் இருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். விளக்கவுரை வேண்டா. பிறகு நம் கவிதைகளைப் படிப்போம். பத்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

செயலாளர் அவர்கள் இசைந்தால், அடுத்த மாதம் முதலாவதாகப் படிப்பதற்கு ஒரு சீட்டை நான் எழுதிக்கொண்டு வருகிறேன். அதற்கடுத்த மாதத்திற்கு யார் என்பதை இன்று கலைவதற்குள் முடிவுசெய்துவிட வேண்டுகிறேன்.