ஒரே மேடை, இரண்டு தலைவர்கள்



1989-ம் ஆண்டு அக்டோபர் 2. டெல்லியில் நாடாளுமன்றத்துக்கு அருகில் போட் கிளப் புல்வெளி. மகாராஷ்டிரத்தின் வெங்காய, பருத்தி விவசாயிகளும் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் கரும்பு விவசாயிகளும் பெருந்திரளாக ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. இந்திய விவசாயிகளுக்கு இனி ஒரே குரல் என்று அறிவிக்கத்தான் அந்தக் கூட்டம். மேடையில் ஷேத்காரி சங்கட்டனாவின் தலைவர் சரத் ஜோஷி இருந்தார். பாரதிய கிசான் யூனியன் தலைவர் மகேந்திர சிங் திகைத்தும் வந்து சேர்ந்தார். சற்று நேரத்தில் திகைத்தின் ஆதரவாளர்கள் மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள். தள்ளுமுள்ளு கைகலப்பானது. பல மாதம் பேசிப் பேசிக் கட்டிய ஒற்றுமை, பத்திரிகையாளர்களும் போலீசாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்தது.

அன்று விவசாயிகளை அடித்தது போலீஸ் அல்ல. அதனால்தான் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த இருவரும் எப்படி அந்த மேடைக்கு வந்தார்கள் என்று பார்ப்போம். சரத் ஜோஷி படித்த மனிதர். இந்திய அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்து, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையை உதறிவிட்டு 1970-களின் பிற்பகுதியில் புனே மாவட்டம் சாக்கண் அருகே நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கினார். விளைவித்த வெங்காயத்துக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை என்பதைத் தன் நிலத்திலேயே கண்டார். 1980 நவம்பரில் நாசிக் மாவட்டத்தில் சாலை மறியலும் ரயில் மறியலும் நடந்தன. போலீஸ் சுட்டதில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு சங்கட்டனா சிறுத்துப்போகவில்லை. மகாராஷ்டிரம் முழுக்கப் பரவியது.

திகைத்தின் கதை வேறு. முசாபர்நகர் மாவட்டம் சிசௌலி கிராமத்தில் பிறந்தவர். தந்தை இறந்தபோது சிறுவனாக இருந்த அவர் தலையில், பல ஊர்களை உள்ளடக்கிய பாலியான் காப் என்ற குலப் பஞ்சாயத்தின் தலைமை வந்து விழுந்தது. 1986-ல் உத்தரப் பிரதேச அரசு பம்ப் செட் மின்கட்டணத்தைக் குதிரைத்திறனுக்கு 22 ரூபாய் 50 காசிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தியது. 1987 ஜனவரியில் ஷாம்லிக்கு அருகில் உள்ள கர்முகேடா மின் நிலையத்தை விவசாயிகள் முற்றுகையிட்டார்கள். மார்ச் 1 அன்று ஷாம்லியில் போலீசுடன் மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் இரண்டு விவசாயிகள் இறந்தார்கள். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மாநில ஆயுதக் காவல் படையின் வீரர் ஒருவரும் அந்த மோதலில் உயிரிழந்தார்.

மேற்கு உத்தரப் பிரதேசமே திரண்டது. அன்றைய முதல்வர் வீர் பகதூர் சிங் சிசௌலிக்கே நேரில் வர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மீரட் ஆணையர் அலுவலகத்தின் முன் மூன்று வாரத்துக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 1988 அக்டோபரில் போட் கிளப் மைதானத்தில் ஒரு வாரம் மாடு கன்றுகளோடு தங்கி, ஆளும் காங்கிரஸ் கட்சி தன் பேரணியை வேறு இடத்துக்கு மாற்றும் நிலையை உண்டாக்கினார்கள். சிசௌலி பஞ்சாயத்தில் 'ஹர ஹர மகாதேவ்' என்று ஒரு குரல் எழும்பினால், 'அல்லாஹு அக்பர்' என்று மறு குரல் எழும்பும். இரண்டும் ஒரே கூட்டத்தின் முழக்கமாக இருந்தன.

போலீஸ் துப்பாக்கியால் உடைக்க முடியாத அந்தக் கூட்டம் எதில் உடைந்தது?

கருத்து வேறுபாடு இருந்தது உண்மைதான். சந்தையை அரசு கட்டிப்போடக் கூடாது, ஏற்றுமதிக்குத் தடை போடக் கூடாது, அப்போதுதான் விவசாயிக்கு விலை கிடைக்கும் என்றார் ஜோஷி. அரசு விலை தர வேண்டும், மின்சாரமும் உரமும் மலிவாகத் தர வேண்டும் என்றார் திகைத். பருத்தியும் வெங்காயமும் விளைவிக்கும் வறண்ட மகாராஷ்டிரத்தின் கவலை ஒன்று. கால்வாய்த் தண்ணீரில் கரும்பு விளைவித்து ஆலை நிலுவைக்காகக் காத்திருக்கும் மீரட் விவசாயியின் கவலை இன்னொன்று. இவை உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய வேறுபாடுகள். ஆனால் எங்கே உட்காருவது? யார் வாக்களிப்பது? இரு சங்கங்களையும் கட்டுப்படுத்தும் பொதுவான விதி எதுவும் இல்லை. இருந்தது இரண்டு தலைவர்களின் பெயர், அவர்களுக்காக எதையும் செய்யத் துணிந்த தொண்டர்கள், எட்டிய தூரத்தில் ஒரு பொதுத் தேர்தல். விதி இல்லாத இடத்தில், யார் பெரியவர் என்ற கேள்வி தோள்பலத்தால் தீர்க்கப்பட்டது.

இந்த முடிச்சு வட இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. கர்நாடகத்தில் மலப்பிரபா பாசனப் பகுதி விவசாயிகள் மீது விதிக்கப்பட்ட மேம்பாட்டு வரியை எதிர்த்து 1980 ஜூலை 21 அன்று நரகுந்தில் நடந்த போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. பக்கத்து நவலகுந்திலும் உயிர் போனது. ஆத்திரமடைந்த கூட்டத்தின் கையில் போலீசாரும் மாண்டார்கள். அந்த ரத்தத்திலிருந்துதான் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் எழுந்தது. பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் தலைமையில் பச்சைச் சால்வை ஓர் அடையாளமானது. அனுமதியின்றி அதிகாரிகள் ஊருக்குள் நுழையக் கூடாது என்று கிராமங்களில் பலகை வைக்கும் அளவுக்குத் துணிச்சல் வந்தது.

பிறகு தேர்தல் வந்தது. 1989-ல் சங்கத்தின் சார்பில் வென்ற பாபாகௌடா பாட்டீல் பின்னாளில் பாஜகவில் சேர்ந்து, 1998-ல் மத்திய அமைச்சரானார். 2004-ல் நஞ்சுண்டசாமி மறைவதற்கு முன்பே சங்கம் அணிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வோர் அணிக்கும் அதே பச்சைச் சால்வை, அதே பெயர், வேறு தலைவர்.

2022 மே 30 அன்று பெங்களூரு காந்தி பவனில் நடந்தது இந்தக் கதையின் கசப்பான அத்தியாயம். கர்நாடக விவசாய சங்கத் தலைவர் ஒருவர்மீது தொலைக்காட்சி ஒன்று பணம் தொடர்பான குற்றச்சாட்டை ஒளிபரப்பியிருந்தது. அவர் அதை மறுத்தார். அதைப் பற்றி விளக்கம் தர, மகேந்திர சிங்கின் மகன் ராகேஷ் திகைத் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். ஒருவர் ஒலிவாங்கியால் அவரைத் தாக்கினார். இன்னொருவர் முகத்தில் கறுப்பு மையை வீசினார். நாற்காலிகள் பறந்தன. விவசாயிகளுக்காகப் பேச வந்தவர்களும் அங்கே ஒருவர்மீது ஒருவர் நாற்காலி எறிந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் நேரடியான பங்கு உண்டு. கோவை வட்டாரத்திலிருந்து எழுந்த நாராயணசாமி நாயுடு, மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தமிழக விவசாயிகளைத் திரட்டியவர். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972-ல் கட்டை வண்டிகள் கோவை வீதிகளை நிறைத்தன. அதே ஆண்டு ஜூலை 5 அன்று மாநிலத்தின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பலிகளால் சங்கம் ஒடுங்கிவிடவில்லை. 1980-ல் ஹைதராபாதில் பல மாநில விவசாயிகள் கூடியபோது அகில இந்திய அமைப்பின் தலைமை நாயுடுவிடம்தான் வந்தது. 1982-ல் அவர் உழவர்களுக்கென ஒரு கட்சியைத் தொடங்கினார். 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் காலமானார். அவருக்குப் பின் சங்கம் பல கூறுகளானது. 1990-ல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதைக் கேட்டுப் போராடிய சங்கமோ அப்போது ஒன்றாக இல்லை. இன்றும் ஜூலை 5 அன்று பல அணிகள் தனித்தனியே நினைவுத் தூணுக்கு மாலை போடுகின்றன.

ஏன் திரும்பத் திரும்ப இப்படி நடக்கிறது?

விவசாய சங்கம் பெரும்பாலும் ஒரு நெருக்கடியில் பிறக்கிறது. கட்டணம் உயர்கிறது, விலை சரிகிறது, சாலையில் கூடுகிறார்கள், துப்பாக்கிச் சூடு நடக்கிறது. அந்த நேரத்தில் முன்னால் நின்றவர் தலைவராகிவிடுகிறார். அவரைத் தேர்ந்தெடுத்த தேர்தல் இல்லை. அதனால் மாற்றுவதற்கும் வழி இல்லை. உறுப்பினர் பட்டியல் இருக்காது. கிராமம் கிராமமாகத் திரட்டிய நிதிக்குத் தணிக்கை செய்த கணக்கு அபூர்வம். கணக்கு இல்லாத இடத்தில் உண்மைக் குற்றச்சாட்டுக்கும் பொய்க் குற்றச்சாட்டுக்கும் வேறுபாடு காண முடியாது. தலைவர் இறந்தால் மகன் வருகிறார், அல்லது நான்கு பேர் போட்டியிடுகிறார்கள். அரசுக்கும் இது வசதி. சங்கத்தோடு பேசாமல் ஒரு தலைவரைத் தனியே அழைத்துப் பேசினால் போதும். மறுநாள் மற்ற தலைவர்கள் அவரைத் துரோகி என்பார்கள்.

தேர்தல் நெருங்கும்போது இது முற்றுகிறது. ராகேஷ் திகைத் 2007-ல் சட்டமன்றத்துக்கும் 2014-ல் மக்களவைக்கும் போட்டியிட்டுத் தோற்றார். 2013 முசாபர்நகர் கலவரம் அதைவிடப் பெரிய பிளவை உண்டாக்கியது. மகேந்திர சிங்கின் நெருங்கிய தோழராக இருந்த குலாம் முகமது ஜௌலா யூனியனை விட்டு விலகினார். ஷாம்லியில் ஒன்றாகக் குண்டடி பட்ட இந்துக்களும் முஸ்லிம்களும் எதிரெதிரே நின்றார்கள்.

ஆனாலும் இதே மண்ணில்தான் மாற்று வழியும் தோன்றியது. 2017 ஜூன் 6 அன்று மத்தியப் பிரதேசம் மந்த்சௌரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாதமே பல விவசாய அமைப்புகள் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவாகச் சேர்ந்தன. 2020 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி நோக்கித் திரண்டபோது சம்யுக்த கிசான் மோர்ச்சா உருவானது. முப்பதுக்கும் மேற்பட்ட பஞ்சாப் சங்கங்கள் அதில் இருந்தன. அவற்றில் பல, பாரதிய கிசான் யூனியன் என்ற பெயரின் பின்னால் ராஜேவால், சித்துபூர் என்று ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ ஒட்டிக்கொண்ட பழைய பிளவுகள். ஆனால் மோர்ச்சாவுக்குத் தனியொரு தலைவர் கிடையாது. முடிவுகளைக் கூட்டத்தில் எடுத்தார்கள். அரசோடு பதினொரு சுற்றுப் பேச்சுக்கும் குழுவாகவே போனார்கள்; சாப்பாட்டைக்கூடத் தங்கள் பொதுச் சமையலான லங்கரிலிருந்தே வரவழைத்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

2021 ஜனவரி 26 டிராக்டர் பேரணி அந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சோதித்தது. ஒரு பகுதியினர் குறித்த பாதையை விட்டுச் செங்கோட்டைக்குள் நுழைந்தார்கள். போலீசாருக்கும் விவசாயிகளுக்கும் மோதல் நடந்தது. நூற்றுக்கணக்கான போலீசார் காயமடைந்தார்கள்; விவசாயி ஒருவர் இறந்தார். மறுநாளே விவசாயத் தலைவர் வி.எம். சிங்கின் அமைப்பும் பாரதிய கிசான் யூனியனின் பானு அணியும் போராட்டத்திலிருந்து விலகின. 28-ம் தேதி இரவு டெல்லியின் காஜிப்பூர் எல்லையைக் காலி செய்யப் போலீஸ் வந்தபோது ராகேஷ் திகைத் கேமராக்கள் முன் கண்ணீர் விட்டார். ஒரு காலத்தில் டெல்லி காவல் துறையில் பணியாற்றியவர் அவர். விடிவதற்குள் மேற்கு உத்தரப் பிரதேச கிராமங்களிலிருந்து டிராக்டர்கள் வரத் தொடங்கின. மறுநாள் முசாபர்நகர் மகாபஞ்சாயத்து மேடையில் ஜௌலாவும் ஏறிப் பேசினார்.

மோர்ச்சா தன் ஆட்களையே கட்டுப்படுத்தவும் தயங்கவில்லை. தேர்தலில் நிற்க வேண்டும் என்று பேசிய குர்னாம் சிங் சடூனி 2021 ஜூலையில் இடைநீக்கம் செய்யப்பட்டார். லக்கிம்பூர் கேரி வன்முறையில் இறந்த பாஜக தொண்டரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போன யோகேந்திர யாதவை ஒரு மாதம் விலக்கி வைத்தார்கள். அந்த முடிவு சரியா என்று கேட்கலாம். ஆனால் தகராறு மேடையில் கைகலப்பாக வெடிக்கவில்லை. கூட்டத்தில் பேசி முடிவானது. நவம்பர் 19 அன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். ஐவர் குழு அரசோடு பேசி, எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே டிசம்பரில் கூடாரங்களைப் பிரித்தார்கள்.

வெற்றிக்குப் பின் அந்த விதிகளைக் காப்பாற்ற முடியவில்லை. அதே மாதம் பஞ்சாப் சங்கங்களில் ஒரு பகுதி ராஜேவால் தலைமையில் தேர்தல் கட்சி தொடங்கியது. 2022 தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. மகேந்திர சிங் திகைத்தின் நினைவு நாளான 2022 மே 15 அன்று, அவர் கட்டிய யூனியனே மறுபடி பிரிந்து 'அரசியல் சார்பற்ற' அணி ஒன்று தோன்றியது. மோர்ச்சாவும் இரண்டானது. 2024 பிப்ரவரியில் பஞ்சாப்-ஹரியானா எல்லையில் உள்ள ஷம்பு, கனௌரி ஆகிய இடங்களில் கண்ணீர்ப் புகைக் குண்டுகளை எதிர்கொண்டது அதில் ஒரு பகுதி மட்டுமே. இளம் விவசாயி ஒருவர் கனௌரியில் உயிரிழந்தார். 2025 மார்ச் 19 அன்று பஞ்சாப் போலீஸ் இரண்டு இடங்களையும் காலி செய்தது.

கணக்கும் தேர்தலும் விவசாயிகளுக்கு அந்நியமானவை அல்ல. குஜராத்தின் ஆனந்த் வட்டாரத்தில் விவசாயிகள் தங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலையும் மாலையும் ஊற்றும் பாலுக்குப் பதிவேட்டில் கணக்கு இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கிறார்கள். பாலுக்கு வைக்கும் கணக்கைப் போராட்டத்துக்கும் வைக்க முடியும்.

குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதற்காக இன்னொரு பேச்சுவார்த்தை நடக்கத்தான் போகிறது. அதற்குள் ஒவ்வொரு சங்கமும் கிராம அளவில் உறுப்பினர் பட்டியல் எழுத வேண்டும். திரட்டிய பணத்தின் கணக்கை ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தலைமைக்குக் காலவரம்பு வைத்து, பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களை உறுப்பினர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும். சங்கத்தை நம்பிச் சந்தா கட்டும் விவசாயிகள், அடுத்த மாதக் கூட்டத்திலேயே இதை எழுந்து நின்று கேட்கலாம்.