பழகிப்போன அலையோசை

(பிள்ளைச்சாவடி இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

வெளியூர் விருந்தாளி இந்த ஊரில் முதல் இரவு தூங்கமாட்டார்; அலையோசை விடாது. நான்காம் இரவு அது அவர் காதிலேயே விழாது. கடலா ஓய்ந்தது? இல்லை, காது பழகிவிட்டது!

சகோதரர்களே! 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் நீட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் மணல் அங்கே நின்றது. வடக்கே கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு குப்பம் குப்பமாக நகர்ந்து இங்கும் வந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது இங்கே வீடுகள் இடிந்தன. மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை மறித்தார்கள். அன்றைய சூடு இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? முதல் வீடு விழுந்தால் ஊரே ஓடிவரும். பத்தாவது வீடு விழுந்தால், "கடல் என்றால் அப்படித்தான்" என்போம்!

பள்ளிவாசலிலும் இதே கதைதான். ரமளான் முதல் இரவு தராவீஹுக்கு வாசல்வரை ஸஃப்பு நிற்கும். பத்தாம் இரவு மின்விசிறிக்கு அடியில் மட்டுமே ஆள். கடை திறந்த மாதம் எழுந்து நின்று வரவேற்ற முதலாளி, மூன்றாம் வருடம் பேப்பரிலிருந்து தலை நிமிர்வதில்லை!

பரிகாரம் என்ன? புதிய ஆவேசமா? அதுவும் பழகிப்போகும். குறைவானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். புதுச்சேரி தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்ததும், 2019 வாக்கில் அங்கே மணல் திரும்பியது. அதன் பின்னால் பல ஆண்டுகள் சலிக்காமல் கேட்டவர்களின் உழைப்பு இருந்தது.

வியாபாரிகளே! சரக்கு தினமும் கண்ணெதிரே இருக்கிறதே என்று இருப்புக் கணக்கு எடுக்காமல் விடுவீர்களா? கண் பழகும், கணக்கு பழகாது.

இளைஞர்களே! ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாதத்தின் முதல் ஜும்ஆ முடிந்ததும் இருவர் கயிற்றோடு கரைக்குச் செல்லுங்கள். கடைசி வீட்டுச் சுவரிலிருந்து கரை முடியுமிடம்வரை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மீனவச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இழப்பு முதலில் அவர்களுக்கே. ஆறாம் மாதம் எல்லோரும் அந்த நோட்டோடு அதிகாரியின் மேசைமுன் நில்லுங்கள். பழகிய கண் மறைத்ததை அந்த நோட்டு காட்டும், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.