பட்டணம் நம்மைப் பார்க்கிறது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஒரு நகரம் வந்தவர் மனத்தைக் கவர்வது எதனால், அவரை ஏமாற்றி அனுப்புவது எதனால் என்று பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். உலகம் சுற்றியவர் பேசவேண்டிய பொருள் இது. நாம் அதிகம் சுற்றியவர் அல்லோம். ஆனால் நம் ஊருக்கு வந்தவர்களை உபசரித்திருக்கிறோம். அவர்கள் முகம் மலர்ந்ததையும் பார்த்திருக்கிறோம், வாடியதையும் பார்த்திருக்கிறோம். அந்த அனுபவத்தைக்கொண்டே பேசத் துணிகிறோம்.

"பட்டணம் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லுவது நம் வழக்கம். பார்க்கப் போகிறவனைப் பட்டணமும் பார்க்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை. அது எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதிலேதான் இன்றைய பொருளின் உயிர் இருக்கிறது.

நம் யாழ்ப்பாணத்தையே எடுத்துக்கொள்வோம். காட்டுவதற்கு நம்மிடம் என்ன குறை? யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்தபின் போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டை கடலோரத்தில் நிற்கிறது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. 1959இல் திறந்துவைக்கப்பட்டு, 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்து நிற்கும் பொது நூலகம் இருக்கிறது. நல்லூர் இருக்கிறது. "இவ்வளவும் இருக்க, வருகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?" என்று நாமும் ஒருகாலம் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தைக் கலைத்தவர்கள் மலைநாட்டிலிருந்து வந்த பதினெட்டு இளைஞர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், அட்டன் பகுதியிலுள்ள ஓர் இளைஞர் குழுவினரை இரண்டு நாள் விருந்தினராக அழைத்தோம். அவர்களுள் யாழ்ப்பாணத்தை முன்பு கண்டவர் ஒருவரும் இல்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்று, 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் வண்டி ஓடாது கிடந்த பாதை வழியாக விருந்தினர் வருகிறார்கள் என்றால் அது சிறிய காரியமா? பொல்காவலையில் வண்டி மாறி, பகற்பொழுதில் வந்து இறங்கினார்கள். கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை என்று வரிசையாகக் காட்டினோம். நண்டுக் குழம்பும் ஒடியற் கூழும் கொடுத்தோம். திரும்பும் நாளில், ஆளுக்கொரு தாள் கொடுத்து, "பெயர் எழுதவேண்டாம், இங்கே உங்களுக்குப் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். புகழுரை நிறைய வரும் என்ற நம்பிக்கையில்தான் கேட்டோம் என்பதை மறைக்கமாட்டோம்.

அவர்கள் புறப்பட்ட பின் தாள்களை விரித்தோம். கோட்டையைப் பிடித்ததாக எழுதியவர் இருவர். நூலகத்தைச் சொன்னவர் நால்வர். மிகுதிப் பன்னிருவரும் நாம் காட்டாத காரியங்களையே எழுதியிருந்தார்கள். நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வீதி வழியாக நடந்தபோது வழி கேட்டதற்கு, ஒரு சைக்கிள் திருத்துபவர் கைவேலையை அப்படியே வைத்துவிட்டுச் சந்திவரை கூடவே வந்தாராம். ஓர் ஒழுங்கையில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றபோது வயதான அம்மா ஒருவர் படலையைத் திறந்து, "பிள்ளையள், வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாராம். அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசியை மட்டும் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள்!

பிடிக்காதவற்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். "நடுப்பகலில் நடந்தால் நிற்க நிழலில்லை, உட்கார ஓர் இருக்கை இல்லை. கண்டியில் வாவியைச் சுற்றி மரநிழலில் நடக்கலாம், களைத்தால் இருக்கலாம்" என்று ஒருவர். "மலசலகூடம் எங்கே என்று கேட்கக் கூச்சமாயிருந்தது, கேட்டு அறிந்து போனபோது, போகாமலே இருந்திருக்கலாம் போலிருந்தது" என்று ஒரு பெண்பிள்ளை. "வெள்ளவாய்க்காலில் குப்பை" என்று மூவர். "ஓட்டோவுக்கு, நாங்கள் வெளியூர் என்று தெரிந்ததும் ஒரு விலை" என்று நால்வர். இவற்றை வாசித்தபோது பெரியவர்கள் சிலர், "எந்த ஊரிலே இது இல்லை?" என்றார்கள். அதுவும் உண்மைதான்.

ஆனால் கடைசித் தாளை வாசித்த பின் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்: "எல்லோரும் அன்பாக 'நீங்கள் எந்த ஊர்?' என்று கேட்கிறார்கள். அட்டன் என்று சொன்னதும், 'ஓ, தோட்டக்காட்டுப் பக்கமோ?' என்கிறார்கள். அதற்குப் பிறகு குரல் மாறிவிடுகிறது."

அந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரோ கடைக்காரர், யாரோ வழிப்போக்கர் என்று தள்ளிவிட நாம் விரும்பினோம். அப்போது நம் வரவேற்புக் குழுவிலிருந்த ஒரு தம்பி எழுந்து, "நானும் கேட்டனான்" என்றான். அவனைத் தொடர்ந்து இன்னொருவர். எண்ணிப் பார்த்தால் நம்மிலே பலர் கேட்டிருக்கிறோம். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, பழக்கத்தினாலே கேட்டோம். முள் எந்த எண்ணத்தோடு குத்தினாலென்ன, குத்துப்பட்ட காலுக்கு நோவு ஒன்றுதானே?

யாரிடம் அப்படிக் கேட்டோம் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அவர்களுடைய உறவினர் பலர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். இந்நாட்டில் "நீ எந்த ஊர்?" என்ற கேள்விக்கு நெஞ்சு நடுங்கிப் பதில் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். நாமும் சோதனைச் சாவடிகளில் அதே கேள்விக்குப் பல காலம் பதில் சொன்னவர்கள்தானே? நமக்கு நொந்த கேள்வியை நம் விருந்தினரிடம் நாமே கேட்கலாமா?

அன்று தொடங்கி இப்பொருளை நாம் வேறுவிதமாகப் பார்க்கலானோம். வந்தவர் காசு கொடுத்துப் பெறுவதில் நகரத்துக்கு நகரம் வேறுபாடு குறைவு. அறைக்குக் காசு கொடுத்தால் அறை, சோற்றுக்குக் காசு கொடுத்தால் சோறு எங்கும் கிடைக்கும். காசு கொடாதவனுக்கும் அறிமுகமற்றவனுக்கும் ஒரு நகரம் எதைக் கொடுக்கிறதோ, அதுதான் அதன் கவர்ச்சி. நிழல், குடிநீர், இருக்கை, சுத்தமான மலசலகூடம், நேர்மையான விலை, மரியாதையான ஒரு சொல். இவை இருக்கிற ஊர் சிறிதானாலும் மனத்தில் நிற்கும். இவை இல்லாத ஊரிலே கோபுரம் வானைத் தொட்டாலும், படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. நம் முன்னோர் கல்லிலும் ஓலையிலும் கட்டி வைத்தது. சங்கடப்படலை என்று கேட்டிருப்பீர்கள். வீட்டுப் படலைக்கு மேலே ஒரு சிறு கூரை போட்டு, வழியிற் போகிறவன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும்படி செய்தார்கள். வீட்டுக்காரனை அவன் கேட்கவேண்டியதில்லை; வீட்டுக்காரன் அவனை யாரென்று விசாரிக்கவேண்டியதுமில்லை. சுமையோடு நடந்தவன் பிறர் கை எதிர்பாராமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல், தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல். பருத்தித்துறையிலே தெருமூடி மடத்தைப் பாருங்கள். வீதியையே கூரையால் மூடி, இரு பக்கமும் திண்ணை கட்டி, போகிறவனைத் தங்கிப் போ என்று அழைக்கிறது அது. மாட்டின் தினவையும் நினைத்த ஊர், மனிதனின் களைப்பை மறக்கலாமா?

பழமையைப் புகழும்போது முழு உண்மையையும் சொல்லவேண்டும். அந்த மடங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நடக்கவேண்டியிருந்தது. சொந்த ஊராரிலே சிலரை வெளியே நிறுத்திய குறை அது. அன்று "எந்தப் பகுதி?" என்று கேட்ட குரலும் இன்று "தோட்டக்காட்டுப் பக்கமோ?" என்று மாறுகிற குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருவனவே. முன்னோர் கட்டிய திண்ணையை எடுத்துக்கொள்வோம். அவர்கள் போட்ட வேலியை எடுத்துக்கொள்ளவேண்டாம்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கிறது. அந்நாட்களில் இதே பட்டணத்தைப் பாருங்கள். தண்ணீர்ப்பந்தல் இருக்கிறது, மோர் இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது; வீதி கூட்டி நீர் தெளிக்கிறார்கள்; தொண்டர்கள் முதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் ஊர் விசாரித்துவிட்டு மோர் ஊற்றுவதில்லை. ஆகவே, நமக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை. ஆண்டிலே இருபத்தைந்து நாள் முடிந்த காரியம் மிகுதி 340 நாளும் ஏன் முடியாது?

இன்னொரு பக்கமும் உண்டு. விருந்தினரைக் கவரவேண்டும் என்று ஊரையே கடையாக்கிவிடுவதும் நாசந்தான். இத்தாலியிலே வெனிஸ் நகரத்தின் அழகை அறியாதார் இல்லை. அதன் பழைய நகரப் பகுதியில் 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாயின. வாடகை ஏற, பிள்ளைகுட்டிக்காரர் வெளியேறினார்கள். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி முதல், குறிப்பிட்ட சில நாட்களில், ஒரு பகல் மட்டும் பார்க்க வருவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கவும் தொடங்கினார்கள். படலையைத் திறந்து தண்ணீர் கொடுக்கும் அம்மா குடியிருக்க முடியாமற் போனால், அந்த ஒழுங்கையில் அழகு மட்டும் இருந்து என்ன பயன்? ஆகையால் விருந்தினருக்காக ஊரை அலங்கரிக்கவேண்டாம். ஊராருக்காகச் சீர்செய்வோம். நம் வீட்டுப் பாட்டி சந்தைக்கு நடந்துபோய், நிழலில் இருந்து, தண்ணீர் குடித்து, கூச்சமின்றி மலசலகூடம் போய், ஏமாறாமல் சாமான் வாங்கி வர முடிந்தால், அதே ஊர் விருந்தினருக்கும் இனிக்கும்.

அந்தத் தாள்களை வாசித்த பின் சங்கம் செய்தவை மிகச் சிறியன. பஸ் நிற்கும் இடத்து வேம்பின் கீழ் இரண்டு சீமெந்து இருக்கைகள் போட்டோம். வாசிகசாலை வாசலில் குடிநீர் வைத்தோம். வாசிகசாலையின் மலசலகூடத்தைக் காலை முதல் மாலைவரை எவருக்கும் திறந்துவிட்டு, கழுவும் முறையை இளைஞர்கள் நாள்வாரியாகப் பங்கிட்டுக்கொண்டோம். முதற்கிழமை முகம் சுளித்தவர்களும் உண்டு. நம் ஓட்டோக்காரத் தம்பிமாரோடு இருந்து பேசி, நிலையத்துக்கும் நல்லூருக்கும் உரிய கூலியைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டோம். எழுதாமற் செய்தது ஒன்று: வருகிறவரிடம் முதற் கேள்வியாக ஊரைக் கேட்பதில்லை என்று நமக்குள் உறுதி செய்துகொண்டோம். "சாப்பிட்டியளோ?" என்று கேட்போம். அதற்கு எந்த ஊராரும் பதில் சொல்லலாம். அந்தப் பதிலைக் கேட்டுக் குரல் மாற வழியில்லை.

சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகும்போது, மதில்மேற் கொடிகள் அவர்களை வரவேண்டாம் என்று தடுப்பனபோல அசைந்தனவாக இளங்கோவடிகள் காட்டுகிறார். அந்தக் கொடிகளுக்காவது இரக்கம் இருந்தது. வரப்போகும் தீங்கை அறிந்து தடுத்தன. நம் முகத்திலே பறக்கிற கொடி எப்படி அசைகிறது என்பதை வருகிறவன் மதிலைக் காணுமுன் கண்டுகொள்வான்.

அந்தப் பதினெட்டுப் பேருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினோம். பல நாள் பதில் இல்லை. பின்பு ஒரு சிறு கடிதம் வந்தது. "அடுத்த முறை நீங்கள் மலைக்கு வாருங்கள். வந்தால் முதலில் தேநீர் தருவோம், ஊர் பிறகு கேட்போம்" என்று எழுதியிருந்தார்கள். வருகிற தை விடுமுறையில் போகவிருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் இன்றே செயலாளரிடம் கொடுக்கலாம். பெரியோர் சிலரும் கூட வந்தால் நன்று. பழக்கம் நம் எல்லோருடையதும் அல்லவா?