கேட்பவர் மனத்தில் பதியும் பேச்சு

 

பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கப்படுகிறது, தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. வாசலைக் கடந்ததும், "என்ன முடிவாயிற்று?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் செவியில் விழுந்தும் மனத்தில் பதியவில்லையெனில், இழப்பு ஓர் ஏழைப் பிள்ளைக்கே. எனவே, பேச்சு மனத்தில் பதியும் விதத்தை மூளை அறிவியலின் துணையோடு சிந்திப்போம்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர் 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவர் தம் வாழ்வில் நடந்த நிகழ்ச்சியைச் சொல்ல, அவருடைய மூளையின் இயக்கத்தை ஸ்கேன் கருவியில் பதிவு செய்தனர். அவர் குரலைப் பின்னர் கேட்டவர்களின் மூளையிலும் அதைப் போன்ற இயக்கம் சற்றுப் பிந்தித் தோன்றியது. நன்கு புரிந்துகொண்டவர்களிடம் இவ்வொற்றுமை மிகுந்திருந்தது. ரஷ்ய மொழி அறியாதவர்களுக்கு அம்மொழியில் கதை சொல்லப்பட்டபோது அது மறைந்தது. ஒலிபெருக்கி எத்துணை முழங்கினும், புரியாத சொல் இரு மனங்களை இணைப்பதில்லை.

நம் மூளை ஒரே நேரத்தில் ஏந்தி நிற்கக்கூடிய செய்திகள் ஏறக்குறைய நான்கே என்று உளவியல் அறிஞர் நெல்சன் கோவன் 2001இல் எடுத்துக்காட்டினார். இருபது செய்திகளை ஒரே மூச்சில் வாசித்தால் பெரும்பகுதி சிந்திப்போகும்.

நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் இதை நன்கறிவர். களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றியபின், அச்சு நீரை உறிஞ்ச நேரம் கொடுக்கின்றனர். அவசரப்பட்டுப் பிரித்தால் உருவம் சாய்ந்துவிடும். பேச்சிலும் ஒரு கருத்துக்குப்பின் சற்று நிறுத்த வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொற்களை எண்ணிவிடத்தக்க அளவு நிதானமாகப் பேசியதையும், விளங்கும்பொருட்டு மும்முறை கூறியதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், வளைந்த உருவம் ஒன்றையும் கூரிய முனைகளுடைய உருவம் ஒன்றையும் காட்டி, 'பூபா' எது, 'கிகி' எது என வினவினார். அமெரிக்க மாணவர்களாயினும் தமிழ் பேசுவோராயினும், நூற்றுக்குச் சுமார் 95 பேர் வளைந்ததையே பூபா என்றனர். செவியும் கண்ணும் மூளைக்குள் உறவாடுவதை இது உணர்த்துகிறது. ஆகவே கண்முன் தோன்றும் சொற்களால் பேசுவோம். "40 சதவீதம்" என்பதைவிட, "விண்ணப்பித்த பத்துப் பிள்ளைகளில் நால்வர்" என்றால் அப்பிள்ளைகளின் முகம் தெரியும்.

அடுத்த பொதுக்குழுவில் தலையாய செய்திகள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்; ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விடுவோம். முடிவில், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவரை எழுப்பி, அவற்றைத் தம் சொற்களில் கூறச் செய்வோம். அவரால் இயலவில்லையெனில், நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றே கொள்வோம்.