மிதி சொல்லும் செய்தி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, என் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்க முற்பட்டேன். முதற் கியரிலேயே வண்டியை நிறுத்திவைப்பது என் வழக்கம். அன்று கிளட்ச் மிதியை இடக்காலால் முழுவதும் அழுத்தி, அழுத்தியவாறே கதவைச் சாத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, பிறகு சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுழன்ற அக்கணமே வண்டி ஒரு முழத் தொலைவு முன்னே பாய்ந்து நின்றது. எதிரே, தன் மூன்று சக்கர வண்டியில் அமர்ந்திருந்தான் அண்டை வீட்டுச் சிறுவன். அவனுக்கும் காருக்கும் இடையே எஞ்சியிருந்த தூரம் இரண்டு அடி.

அன்று மாலையே ஒரு பழுது பார்க்கும் நிலையத்திற்குச் சென்றேன். கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, கியர்ப் பெட்டியை இறக்கியாக வேண்டும் என்றார்கள். பெருந்தொகை ஒன்றையும் குறிப்பிட்டார்கள். உண்மையில் பழுதாகியிருந்தது கட்டைவிரல் நுனியளவான ரப்பர்க் கிண்ணம் ஒன்றே. அதைக் கண்டறிந்தவர், அச்சிறுவனின் தமையனாகிய கல்லூரி மாணவர். அவர் கையாண்ட கருவி, பள்ளியில் கற்ற பௌதிகம். அதனாலேயே இதை மாணவர்களாகிய உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே உள்ள இணைப்பே கிளட்ச். மிதியை அழுத்தினால் அவ்விணைப்பு விடுபடுகிறது. மிதியை விட்டால் மீண்டும் சேருகிறது. சில கார்களில் மிதியின் அசைவைக் கம்பி வடம் கொண்டுசெல்கிறது. வேறு பலவற்றில் அப்பணியைச் செய்வது ஒரு குழாயில் நிறைந்த திரவம். மிதியருகே மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளையும், கிளட்சின் அருகே ஸ்லேவ் சிலிண்டர் என்னும் உருளையும் உள்ளன. முன்னதில் பிஸ்டன் தள்ளும் திரவம் பின்னதில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது.

அடைபட்ட திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் குறையாமல் பரவும் என்பது பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் (1623–1662) வகுத்த விதி. எளிய எண்களைக் கொண்டு இதைப் பார்ப்போம். மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர், ஸ்லேவ் பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். முன்னதை 40 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையால் தள்ளினால், பின்னதில் 60 கிலோகிராம் விசை தோன்றும். ஆனால் முன்னது 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் பின்னது 2 சென்டிமீட்டரே நகரும். விசையில் பெற்ற ஆதாயத்தைத் தூரத்தில் இழக்கிறோம்.

இனி, குழாயில் 2 கன சென்டிமீட்டர் காற்று புகுந்துவிட்டதெனக் கொள்வோம். திரவம் சுருங்காது என்றே சொல்லலாம், காற்றோ சுருங்கும். மேற்சொன்ன அழுத்தத்தில் அக்காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகிவிடும். மிதி தள்ளிய 6 கன சென்டிமீட்டர் திரவத்தில் ஏறக்குறைய 2 கன சென்டிமீட்டர், காற்றை நெருக்குவதிலேயே வீணாகும். ஸ்லேவ் பிஸ்டன் 2 சென்டிமீட்டருக்குப் பதில் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவே நகரும். கிளட்ச் முற்றும் விடுபடாது. கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் அரைபடும்.

ஆகவே, மிதி காலுக்குச் சொல்லும் செய்தியைக் கேட்டே நோயின் இடத்தைப் பெரும்பாலும் உய்த்துணரலாம்.

மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்து, நாலைந்து முறை விரைந்து அழுத்திய பின் சற்றே இறுக்கம் பெறுமானால், குழாயில் காற்று இருக்கிறது. மிதி எதிர்ப்பேயின்றித் தரைவரை சென்றால், முதலில் திரவக் கிண்ணத்தைப் பாருங்கள். அதில் மட்டம் தாழ்ந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. மிதிக்கு மேலே உள்ள தண்டு, கால் விரிப்பு, குழாயின் மூட்டுகள், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை ஆகிய இடங்களில் ஈரம் தென்படுகிறதா என்று தேடவேண்டும். மிதி இறுக்கமாகவும் இயல்பாகவும் இருந்து, கியர் மட்டும் விழ மறுத்தால், கோளாறு பெரும்பாலும் திரவத்தில் இல்லை. கிளட்சிலோ அதனை இயக்கும் நெம்புகோலிலோ இருக்கக்கூடும். மிதி மேலெழத் தாமதித்தால், திரும்பு வில்லையும், உட்புறம் வீங்கி அடைத்துக்கொண்ட ரப்பர்க் குழாயையும் ஐயுற வேண்டும்.

என் காரில் இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. கிண்ணத்தில் திரவம் நிறைந்திருந்தது, எங்கும் ஈரமில்லை. ஆனால் மிதியைப் பாதியளவு அழுத்தி அசையாமல் பிடித்தால், அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிற்று. அருகில் நின்ற அம்மாணவர் சற்றே சிந்தித்துவிட்டுச் சொன்னார்: "மாமா, மிதி இறங்குகிறது, திரவமோ வெளியே போகவில்லை. அப்படியானால் அது உள்ளுக்குள்ளேயே ஒரு வழி கண்டு, பிஸ்டனைக் கடந்து திரும்பி வருகிறதென்றுதானே பொருள்?" மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டனின் முனையிலிருந்த ரப்பர்க் கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்து கீறியிருந்தது. அன்று காலை நான் மிதியை அழுத்திக் காத்திருந்த சில நொடிகளில், திரவம் பின்னே நழுவி, கிளட்ச் தானே சேர்ந்துவிட்டது. கால் தரையில் இருந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

புதிய ரப்பர் பொருத்திய பின், காற்றை வெளியேற்ற வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கைத்தடையை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள சிறு திருகுமுனையில் தெளிவான குழாயொன்றைச் செருகி, அதன் மறுமுனையைப் புதுத் திரவமுள்ள கண்ணாடிக் குவளையில் மூழ்கவிடுங்கள். ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகை அரைச் சுற்றுத் திறக்கவேண்டும். திரவத்தோடு குமிழிகள் வரும். திருகை மூடிய பிறகே மிதியை விடவேண்டும்; முன்னரே விட்டால் காற்று மீண்டும் உள்ளே இழுபடும். குமிழிகள் நிற்கும்வரை இவ்வாறே செய்க. கிண்ணம் வற்றாமல் இடையிடையே நிரப்பிக்கொள்க. குவளையில் விழுந்ததைத் திரும்ப ஊற்றுதல் கூடாது.

எந்தத் திரவம் ஏற்றது என்பதைக் கிண்ணத்தின் மூடியோ வண்டியின் கையேடோ கூறும். பெரும்பாலான கார்களுக்கு உரியது பிரேக் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலால் நெடுநாள் திறந்திருந்த புட்டி உதவாது. எஞ்சின் எண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றினால், ரப்பர்ப் பகுதிகள் ஊதிக் கெடும். பிரேக் திரவம் வண்ணப் பூச்சை அரிக்கும். கண்ணில் படவும் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கதற்கு ஓர் எல்லையும் உண்டு. 1959-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறு காரில், முன்மூடியைத் திறந்தாலே ஸ்லேவ் சிலிண்டர் கண்ணுக்குத் தெரியும்; கிளட்சுக்கும் பிரேக்குக்கும் தனித்தனித் திரவக் கிண்ணங்கள் இருந்தன. பிற்காலக் கார்கள் பலவற்றில் அந்தச் சிலிண்டர் கியர்ப் பெட்டியின் உறைக்குள் மறைந்திருக்கிறது. அது கசிந்தால் பெட்டியை இறக்கியே தீரவேண்டும். அது பயிற்சி பெற்றவரின் வேலை. இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே கிண்ணம் உள்ள வண்டிகளும் உள. அவற்றில் மட்டம் தாழ்ந்தால், பழுது பிரேக்கிலும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். அதனைச் சரிபார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் எக்காரணத்தாலும் புகாதீர்கள்.

நான் பழுது பார்ப்பவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அன்று அவர்களும் அவசரப்பட்டார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை. மிதியைப் பத்து நொடி பிடித்துப் பார்க்கும் பொறுமை எங்கள் இருவருக்குமே இல்லை. அம்மாணவருக்கு அது இருந்தது. தேர்வுத் தாளோடு முடிந்துவிடும் பாடமென்று பாஸ்கலின் விதியை அவர் கருதவில்லை.

இன்றும் காரில் ஏறியதும் முதலில் கியரை நடுநிலைக்குக் கொண்டுவருகிறேன். அதன் பிறகே சாவியைத் திருப்புகிறேன். அந்த இரண்டடித் தூரம் எனக்குக் கற்பித்த பழக்கம் அது.