தொழிற்கல்வியும் இணையவழிப் பாடமும்

(ஆரணியில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



கைத்தொழிலை இணையவழியாகக் கற்பித்தல் கூடுமா, கூடாதா என்பதே இன்று யாம் பேசப் புகுந்த பொருள். நம் பிள்ளைகள் தறிப்பாடத்தைக் கைப்பேசி வாயிலாகக் கற்கச் சங்க நிதியிலிருந்து தொகை ஒதுக்கலாமா என்னும் வினா சென்ற கூட்டத்தில் எழுந்தது. ஒரு சாரார், ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்றனர். மற்றொரு சாரார், முன்னோர் காத்த நுட்பத்தைத் தெருவிற் போடுவதா என்றனர். இரண்டும் புறக்கணிக்கத் தக்கன அல்ல.

நம் தொழிலை வைத்தே பேசினால் பற்று இடையில் வந்து நிற்கும். ஆதலின் அயற்றொழில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வாம். பாலாற்றங்கரை ஊர்களாகிய ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றில் தோல் பதனிடுந்தொழில் நெடுங்காலமாக நடைபெறுகின்றது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது. சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. (இத்தொழிலை இழிவென்று ஒதுக்கும் பேதைமை நம்மவரிடத்தும் இருந்தது, அத்தோலாற் செய்த செருப்பை மட்டும் ஒருவரும் ஒதுக்கினாரிலர்.)

குரோமியத்தாற் பதனிட்ட தோல் நன்கு பதப்பட்டதா என்று அறியச் சிறு துண்டொன்றைக் கொதிநீரில் இடுவர். பதம் குறைந்தது சுருங்கும், நிறைந்தது சுருங்காது. இது கண்ணால் அறிவது. திரை இதனைச் செவ்வனே காட்டும். மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு நீரோடு அமிலம் கலக்குமாயின் நச்சுவாயு எழும். கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர் அதனால் மாண்டதுண்டு. இதனைச் செய்து பார்த்துக் கற்றல் இயலுமோ? திரையே இதற்குத் தக்க ஆசான். ஆனால் மயிர் நீக்கிய தோல் போதிய மென்மை பெற்றதா என்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பர். விரலடையாளம் நின்றால் போதும் என்பர். அடையாளத்தைத் திரை காட்டும்; எவ்வளவு அழுத்துவதென்பதைக் காட்டாது. எல்லை இங்கேதான் உளது.

இவ்வெல்லை நம் தறிக்கும் பொருந்தும். கச்சாப் பட்டைச் சவர்க்கார நீரிற் காய்ச்சிப் பசை நீக்கினால் 1000 கிராமில் ஏறக்குறைய 200 முதல் 250 கிராம் வரை குறையும். அவ்வெடைக் கணக்கும், 9000 மீட்டர் நூலின் கிராம் எடையாகிய டெனியர்க் கணக்கும், ஜக்கார்டு அட்டையில் எத்துளை எக்கொக்கியைத் தூக்கும் என்னும் முறையும் திரையிற் கற்கத் தக்கன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பார் தறிக்கு அமைத்த துளையட்டையைக் கண்டே, பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் கருதிய கணக்குப்பொறிக்கும் அட்டை வைக்க எண்ணினார். கணிப்பொறி இன்று நெசவாளன் பிள்ளைக்குப் பாடஞ்சொல்ல வருவது பழங்கடனுக்கு வட்டி செலுத்துவதேயாம்!

ஆயினும் பாவு பிணைத்தல் எத்தகையது? தீர்ந்த பாவின் நுனியோடு புதுப்பாவின் நுனியை ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் அவ்வேலையில், எவ்வளவு இறுக்கினால் இழை அறாது என்பதை விரலே அறியும். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயால் கல்விநிலையங்கள் மூடப்பெற்றபோது இது யாவர்க்கும் விளங்கியது. தொழிற்பயிற்சி மாணவர்க்கு எழுத்துப்பாடம் கைப்பேசியில் வந்தது, பட்டறை வரவில்லை. கருவியின் பெயரை அறிந்து, அதன் கனத்தை அறியாத மாணவரை அந்நாளிற் கண்டோம்.

கருவிகள் இல்லை என்று கூறுதற்கும் இடமில்லை. சென்னைக் கிண்டியில் 1986இல் தொடங்கிய தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு வேண்டிய நூல்களையும் வினாத்தொகுதிகளையும் ஆக்கித் தருகின்றது. 'பாரத் ஸ்கில்ஸ்' என்னும் அரசினர் தளம் 2019இல் வந்தது. நெசவாளரும் அவர்தம் மக்களும் தொலைவிலிருந்தே கற்க 2016இல் மத்திய அரசினர் ஓர் ஏற்பாடு செய்தனர். இவை பொதுப்பாடங்கள், நம் ஆரணித் தறியின் பேச்சை இவை பேசா. பாவு, ஊடை, அச்சு, விழுது, தார், நாடா என்று வீட்டிற் கேட்ட சொற்களை விடுத்து, அகராதிச் சொற்களிற் பாடம் நடந்தால் பிள்ளை தன் வீட்டுத் தறியையே அயலாகக் காண்பான். தமிழ்ப் பண்டிதராகிய எமக்கே அச்சொற்களிற் சில கடிய.

இனி, மறைபொருள் என்னும் வாதம். மறைத்து வைத்தோம், யாருக்காக? பிள்ளைகளில் பலர் ஆலை வேலைக்கும் சென்னைக்கும் போகின்றனர். பூட்டிய பெட்டியின் திறவுகோலை வாங்குவாரில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உளது. ஊரின் பெயரைக் காப்பது அச்சட்டமேயன்றி நம் மௌனம் அன்று. மேலும், இவ்வூரிற் பல குலத்தாரும் தறியில் அமர்ந்துள்ளனர். பிற குலத்துச் சிறுவன் ஒருவன் நம் பாடத்தைப் பார்த்துக் கற்பானாயின் கற்கட்டும். குலச்சங்க மேடையில் இதனைக் கூறுதல் சிலர்க்குக் கசக்கலாம். கூறாமலிருத்தல் எம்மால் இயலாது.

ஆகவே தொகை ஒதுக்குக. ஆனால் முழுவதையும் கைப்பேசி வாங்குவதில் செலவிடற்க. செம்பாதி ஒரு பயிற்சித் தறிக்கு ஆகுக. படம் எடுப்போர் நெசவாளருக்கு எதிரே நில்லாது, அவர் தோளுக்குப் பின்னின்று எடுத்தல் வேண்டும். எதிரே நின்று எடுத்தால் இடம் வலமாக மாறிக் கற்பவன் கை தடுமாறும். பாடம் காட்டும் மூத்த நெசவாளர் அன்று தறியினின்றும் எழுந்தால் அன்றைக் கூலி போயிற்று. அதனைச் சங்கம் ஈடுசெய்யாவிடின், அவரை அழைத்தற்கு நமக்கு உரிமையில்லை. தார் சுற்றும் தாய்மாரும் பாவு வேலை செய்யும் தாய்மாரும் ஆசிரியரே. அவர்க்கும் அதே ஊதியம் தருக. வாரத்தில் ஐந்து நாள் வீட்டிற் பார்த்த பிள்ளைகள், ஆறாம் நாள் பயிற்சித் தறியில் அமர்ந்து, நெய்ததை மூத்தோர் கையிற் கொடுத்துக் குறை கேட்டறிக.

முதற்பாடமாகப் பாவு பிணைத்தலையே எடுக்கலாம் என்பது எமது கருத்து. அடுத்து எந்த வீட்டிற் பாவு தீர்கின்றதோ, அவ்வீட்டார் இரண்டு நாள் முன்னதாகச் செயலாளர்க்குத் தெரிவித்தல் நலம். படக்கருவியுடன் யாமே வருவோம்.